கேமரா இல்லாத கேமரா நிபுணர்

2005க்கும் 2008க்கும் இடையில், நியூஜெர்சியின் எடிசனில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் வீடியோ கேமரா வாங்க நினைத்த தமிழர் எவரும் என்னைத் தாண்டிப் போனதில்லை. பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய வீடுகளிலிருந்து போன் வரும். துணி துவைக்கும் அறையில் மெஷினுக்குக் காசு போட்டுவிட்டு நிற்கும்போது பிடித்துக்கொள்வார்கள். எந்த மாடல், என்ன விலை, எதில் என்ன குறை என்று கடகடவென்று ஒப்பிப்பேன். அத்தனை பேரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: "உங்க கேமரா எப்படி?" கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். அந்தக் காலம் முழுக்க என்னிடம் ஹெச்.டி. கேமரா கிடையாது. சாதாரண கேமராவும் கிடையாது.

மகள் பிறந்தது 2005 ஜூன் மாதம். அதே கோடையில் சோனியின் ஹெச்சி-1 கடைகளுக்கு வந்தது. வீட்டு உபயோகத்துக்கான ஹெச்.டி. கேமரா அதற்கு முன் இல்லாமல் இல்லை. 2003இல் ஜேவிசி ஒன்றைக் கொண்டுவந்தது. விலை சுமார் 3,500 டாலர். அந்த ஆண்டே ஜேவிசி, சோனி, கேனான், ஷார்ப் நான்கும் சேர்ந்து ஹெச்.டி.வி. என்ற பொது முறையை அறிவித்தன. 2004 கடைசியில் சோனியின் எஃப்எக்ஸ்-1 வந்தது; 3,700 டாலர், இரண்டு கிலோ எடை. அதைத் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் நுழைந்தால் மணமேடை வரைக்கும் வழிவிடுவார்கள். பெற்ற பிள்ளை குப்புற விழுவதைப் படம்பிடிக்க அது ஆகாது. ஹெச்சி-1 கைக்கு அடக்கமாக இருந்தது. விலையும் 2,000 டாலருக்கு இறங்கியிருந்தது. அன்றைக்கு டாலர் 44 ரூபாய். லால்குடியில் இருந்த அப்பாவிடம் போனில் விலையைச் சொன்னேன். மறுமுனையில் அவர் பெருக்கிப் பார்க்கும் நேரம் முழுவதும் நிமிஷத்துக்கு இத்தனை சென்ட் என்று காலிங் கார்டில் காசு போய்க்கொண்டிருந்தது.

வாங்கச் சொன்ன நியாயம் வலுவானது. அதுவரை இருந்த டிஜிட்டல் வீடியோவில் ஒரு படத்துக்கு அகலத்தில் 720, உயரத்தில் 480 புள்ளிகள். ஹெச்.டி.வி.யில் 1440, 1080. நாலரை மடங்கு. இன்னும் சில ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு அகன்ற திரை வந்துவிடும். அன்று பழைய படத்தைப் போட்டால் குழந்தையின் முகம் கலங்கித்தான் தெரியும். குழந்தை ஒரு தடவைதான் தவழும். பிறகு நல்ல கேமரா வந்துவிட்டது என்று சொல்லி மறுபடி தவழவிட முடியாது.

வேண்டாம் என்ற நியாயமும் அதே அளவு வலுவானது. அடுத்த வருஷம் இதைவிட நல்லது, இதைவிட மலிவாக வரும். சொன்னபடி வந்தது. 2006இல் ஹெச்சி-3, 1,500 டாலர். அதே ஆண்டு கேனானின் ஹெச்வி-10, 1,300 டாலர். 2007இல் ஹெச்வி-20, 1,100 டாலர். நான் சொன்ன ஆரூடம் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். இரண்டு பக்கமும் சத்தியமாக இருந்ததுதான் சங்கடம். எந்தத் தப்பும் செய்யாமலே வாய்தா வாங்கிக்கொண்டு போக முடிந்தது.

சரி, கையில் இருந்த கேமரா என்ன ஆயிற்று? என்னிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹை-8 கேமரா ஒன்று இருந்தது. கீழ்த்தளத்தில் குடியிருந்த கோவில்பட்டிக்காரர் தன் பையன் பிறந்த சமயத்தில் மலிவாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். பழையது வீட்டில் இருக்கும்வரை புதியது வாங்க மனம் துணியாது, பாலத்தைக் கொளுத்தினால்தான் படை முன்னேறும் என்பது என் கணக்கு. பாலம் எரிந்தது. படை கரையிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது நேராக ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப பாப்பாவுக்குப் பேர் வைக்கிறதை எதுல எடுக்கப் போறீங்க?"

"அதுக்குள்ள வாங்கிடுவோம்மா."

பெயர் சூட்டுவிழாவைக் கோவில்பட்டிக்காரர் எடுத்தார், என் கேமராவில்.

கேமரா இல்லாதவனுக்கு நேரம் நிறைய. படித்தேன். கடைசியில் ஒரு பொறியாளனே திடுக்கிடும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரிந்துபோனது. ஹெச்.டி.வி.யின் சாமர்த்தியமே அது பழைய டிஜிட்டல் வீடியோவின் அதே சின்ன கேசட்டில், அதே 60 நிமிஷத்தில், வினாடிக்கு அதே 25 மெகாபிட் வேகத்தில், நாலரை மடங்கு புள்ளிகளை அடைத்ததுதான். எப்படி அடைத்தது? பழைய முறையில் ஒவ்வொரு படமும் தனித்தனியாகப் பதிவாகும். ஹெச்.டி.வி.யில் ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருகிறவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். அமெரிக்கக் கேமராவில் 15 படத்துக்கு ஒரு தொகுதி. டேப்பில் தூசியோ கீறலோ விழுந்தால் பழைய முறையில் ஒரு படத்தில் ஏதோ ஒரு மூலை சிதையும். இதில் அந்தத் தொகுதியே, கிட்டத்தட்ட அரை வினாடி, கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

இந்த அரை வினாடியை நான் விடவே இல்லை. பிறந்தநாள் விருந்துகளில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வேன். புதுத் தகப்பன்மார் முகம் வாடிப்போகும். ஹெச்சி-1 வாங்கக் கடைக்குக் கிளம்பிய ஒருவரைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோவில்பட்டிக்காரர் மட்டும்தான் அசையவில்லை.

"அரை செகண்ட்ல என்னண்ணே போயிரப் போவுது?"

"உங்க பையன் மொதல் அடி எடுத்து வைக்கிறது அந்த அரை செகண்ட்ல இருந்தா?"

"அடுத்த அரை செகண்ட்ல ரெண்டாவது அடி வைப்பாம்லண்ணே."

இதற்கு எந்தத் தொழில்நுட்பப் புத்தகத்திலும் பதில் இல்லை. ஆளுக்குப் படத்தரம் பற்றிய அறிவு போதாது என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

கேமராவைத் தவிர மற்றதெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் முக்காலி. தள்ளுபடியில் வந்தது, கேமராவுக்கு முக்காலி எப்படியும் தேவை, தள்ளுபடி திரும்ப வராது. அப்புறம் தோளில் மாட்டும் பை. உயர்தரக் கேசட் ஒரு பெட்டி. அந்த அரை வினாடியைக் காப்பாற்ற. ஹெச்சி-1இன் லென்ஸ் முன்னால் திருகிப் பொருத்தும் 37 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ் ஒன்று; நம் வீட்டுக் கூடம் சின்னது, எல்லோரும் படத்தில் அடங்க வேண்டாமா? பெண் பார்க்கும் முன்பே தொட்டில் கட்டியவன் கதைதான். தொட்டில் நல்ல தொட்டில் என்பதில் எனக்கு இன்றும் திருப்தி.

ஒரு சனிக்கிழமை வாங்கியே விடுவது என்று நியூயார்க்குக்கு ரயில் ஏறினேன். மன்ஹாட்டனில் ஒன்பதாம் அவென்யூவும் 34ஆம் தெருவும் சேரும் இடத்தில் பி அண்ட் ஹெச் என்ற பெரிய கேமராக் கடை இருக்கிறது. கேமரா வாங்குகிறவர்களுக்கு அது பழனி, திருப்பதி. பென் ஸ்டேஷனில் இறங்கி, காற்றில் மேற்குப் பக்கமாக நடந்து போய் நின்றால், கதவு சாத்தியிருந்தது. கடையை நடத்துகிறவர்கள் ஆசாரமான யூதர்கள். வெள்ளி மதியம் மூடினால் சனி முழுதும் ஓய்வுநாள், ஞாயிறுதான் திறப்பார்கள். கேமராவின் சென்சார் அகலம் தெரிந்த எனக்கு, ஊரே அறிந்த இந்தச் செய்தி தெரியாது. ஓய்வுநாள் என்றால் என்ன, அதில் எது செய்யலாம், எது கூடாது என்று அன்று இரவு நெடுநேரம் படித்தேன். அதிலும் ஓரளவு தேர்ச்சி பெற்றேன். ஆனால் அரைகுறைத் தேர்ச்சி. மறுபடி 2006 ஏப்ரலில், கவனமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போனேன். பாஸ்கா பண்டிகை. அந்த வாரமே கடை கிடையாது. மற்ற சமயத்துக்காரர் பஞ்சாங்கத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது என்று வீடு திரும்பியதும் கோவில்பட்டிக்காரரிடம் சொன்னேன். அவர் அன்று பையன் காது குத்தியதைப் போட்டுக் காட்டினார்.

கடைசியில் திறந்திருந்த நாளில் போனேன். உள்ளே தலைக்கு மேல் தண்டவாளம் ஓடுகிறது. வாங்கிய பொருளைப் பெட்டியில் வைத்து அனுப்பினால் கூரையோரமாகவே ஊர்ந்து பணம் கட்டும் இடத்துக்குப் போய்ச் சேரும். அதை வேடிக்கை பார்த்தே கொஞ்ச நேரம் போயிற்று. வீடியோ பகுதியில் சிறு தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் ஹெச்சி-3ஐ எடுத்துக் கையில் கொடுத்தார். சிறியது, லேசானது, முந்தையதைவிட மலிவு. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஹெச்சி-1இல் இருந்த மைக் மாட்டும் துளை இதில் இல்லையே என்றேன்.

"உங்களிடம் மைக் இருக்கிறதா?"

"இல்லை."

"வீட்டில் என்ன டிவி?"

"27 அங்குலம். குழாய் டிவி."

"பரவாயில்லை, அதிலும் தெரியும், பழைய தரத்துக்கு அதுவே குறைத்துக்கொடுக்கும். குழந்தைக்கு என்ன வயது?"

"பத்து மாதம்."

"அப்படியானால் சீக்கிரம் வாங்குங்கள்," என்றார். வியாபாரத்துக்காகச் சொன்னமாதிரி இல்லை. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருக்கும். நான் இன்னும் ஒரு வாரம் யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னேன். இத்தனை நேரம் அவரைப் பிடித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது. கேமராவின் தலைப்பகுதியைத் துடைக்கும் கேசட் ஒன்று வாங்கினேன். அது கூரையோரமாக ஊர்ந்து கம்பீரமாக எனக்கு முன்னால் கல்லாவுக்குப் போனது. இல்லாத கேமராவைத் துடைக்க இப்போது சகல வசதியும் வீட்டில் உண்டு.

மகள் ஜூன் மாதத்தில் நடந்தாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். புதிதாக அறிவித்திருந்த ஒரு முறையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, ஓடியாங்க" என்று மனைவி கூப்பிட்டாள். பத்தியை முடித்துவிட்டுப் போனேன். அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி எழுப்பி நிறுத்தியதும் நடந்தாள், அழகாக நடந்தாள், அதைக் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் அரை வினாடியை வைத்து ஊரை மிரட்டிய ஆள் என்பதால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தப் புதிய முறையின் பெயர் ஏ.வி.சி.ஹெச்.டி. 2006 மே மாதம் சோனியும் பானசோனிக்கும் அறிவித்தன. கேசட்டே வேண்டாம்; ஹார்ட் டிஸ்க்கிலோ சிறு டிவிடியிலோ பதியலாம். கேசட் என்றால் ஒரு மணி நேரப் படத்தைக் கணினிக்கு ஏற்ற ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்; இதில் கோப்பாக நகலெடுத்துவிடலாம். கேட்டவுடனே கேசட் கேமரா வாங்கியவர்கள் மீது எனக்கு இரக்கம் பிறந்தது. ஆனால் இந்தப் புதிய முறையில் அடர்த்தி அதிகம். அதைப் பிரித்துத் திரையில் ஓட்டவே அன்றைய வீட்டுக் கணினிகள் திணறின. எடிட் செய்வது கனவு. ஆகவே கேசட்டும் வாங்கக்கூடாது, டிஸ்க்கும் வாங்கக்கூடாது. இதைவிட வசதியான நிலைமை எனக்கு அமைந்ததே இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பேத்தியோடு அவர்கள் இருக்கும் ஆறு மாதத்தை ஹெச்.டி.யில் எடுத்து லால்குடிக்கு அனுப்ப வேண்டும் என்று திட்டம். உடனே அடுத்த முட்டுக்கட்டை. அமெரிக்கக் கேமரா வினாடிக்கு 60 அரைப்படம் எடுக்கும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அப்புறம் இரட்டைப்படைக் கோடுகள் என்று மாறி மாறி. இந்தியாவில் டிவிக்கு 50. இங்கே வாங்கினால் அங்கே ஒத்துவராது. 50 எடுக்கும் கேமராவை வரவழைத்தால் இங்கே ஒத்துவராது. இதைக் கூடத்தில் காகிதத்தில் கோடு போட்டு அப்பாவுக்கு விளக்கினேன். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர். மாணவன் சொல்வதை முழுசாகக் கேட்கும் பழக்கம் உள்ளவர். கேட்டு முடித்துவிட்டு, "எதிர்வீட்டு டிவிடி பிளேயர்ல எல்லா ஊர்ப் படமும் ஓடுதேடா" என்றார். அது உண்மை. அன்றைக்கு நம் ஊரில் விற்ற மலிவு பிளேயர்கள் பலவும் இரண்டையும் ஓட்டின. என் கோடுகள் போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் அம்மா மளிகைச் சாமான் எழுதினாள்.

அப்பாவிடம் ஒரு சிறிய ஸ்டில் கேமரா இருந்தது. ஓய்வுபெற்றபோது தம்பி வாங்கிக் கொடுத்தது. அதில் வீடியோவும் எடுக்கலாம். 640-க்கு 480, கொஞ்ச நேரத்துக்கு மேல் ஓடாது. இது இருப்பதைக் கண்டுபிடித்ததிலிருந்து மனிதர் வீட்டில் தங்கவில்லை. காலையில் குப்பை லாரி வந்து இரும்புக் கையை நீட்டித் தொட்டியைத் தூக்குவதை எடுத்தார். மஞ்சள் பள்ளிப் பேருந்து பக்கவாட்டில் 'நில்' பலகையை விரிக்க, இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்பதை எடுத்தார். அக்டோபரில் உதிர்ந்த இலைகளை முதுகில் மாட்டிய யந்திரத்தால் ஆட்கள் ஊதித் தள்ளுவதை எடுத்தார். எல்லாவற்றுக்கும் பின்னணியில் அவர் குரல்: "இது எடிசன். மணி ஏழே கால். இந்த வீட்டு இலையை அந்த வீட்டுக்கு ஊதுகிறார்கள்."

ஒரு நிபுணனால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "அப்பா, பாதியில ஜூம் பண்ணாதீங்க. வேகமாத் திருப்பாதீங்க. வெளிச்சத்துக்கு எதிரே நிக்காதீங்க." தலையை ஆட்டிவிட்டு அப்படியே செய்தார். உச்சமாக, பேத்தி நின்று ஆடுவதைக் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்துவிட்டார். டிவியில் போட்டால் குழந்தை படுத்தவாக்கில் ஆடியது. விருந்தாளிகள் எல்லோரும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள். புகைப்படத்தைத் திருப்பலாம், வீடியோவைத் திருப்பக்கூடாது என்று அப்பாவுக்கு அன்று ஒரு வகுப்பே எடுத்தேன். "நிக்கிற புள்ளையை நிக்கவெச்சுத்தானே எடுக்கணும்?" என்றார். உலகம் முழுக்க இன்று அவர் கட்சியில்தான் இருக்கிறது. கல்யாண வீட்டிலிருந்து கலவரம் வரைக்கும் செங்குத்தாகத்தான் எடுக்கிறார்கள். பத்து ஆண்டுக்கு முன்பே வந்துவிட்ட ஒரு முன்னோடியை நான் கழுத்துவலிக்காகக் கண்டித்திருக்கிறேன்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எடுத்த படத்தை எதில் பதிவது என்று ப்ளூ-ரேவும் ஹெச்.டி. டிவிடியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் எப்படி வாங்குவது? கேமரா விலை, எடை, இருட்டில் படத்தரம், கேசட்டை மேலிருந்து போடுவதா அடியிலிருந்து போடுவதா (ஹெச்சி-1இல் அடியிலிருந்து; முக்காலியில் நிற்கும்போது கேசட் தீர்ந்தால் கழற்றித்தான் மாற்ற வேண்டும்) எல்லாவற்றையும் எக்ஸெல் தாளில் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். எந்தக் கேமரா முதலிடம் வந்தாலும் மதிப்பெண் முறையில்தான் கோளாறு என்று திருத்தினேன்.

இதன் உள்காரணத்தை இப்போது சொல்லலாம். படம்பிடிக்க எனக்குக் கூச்சம். கூட்டத்தில் கேமராவைத் தூக்கினால் எல்லோரும் நம்மைப் பார்ப்பார்கள். "கொஞ்சம் நகருங்க", "இங்க பாரு", "மறுபடி ஊட்டுங்க" என்று அதிகாரம் பண்ண வேண்டும். அதற்கு ஒரு முகவெட்டு வேண்டும். கோவில்பட்டிக்காரருக்கு இருந்தது, எனக்கு இல்லை. விலையையும் மெகாபிட்டையும் பேசிக்கொண்டிருக்கும்வரை கேமராக்காரன் என்ற மரியாதையும் கிடைத்தது, கேமராவைத் தூக்கவும் வேண்டியிருக்கவில்லை. இது எனக்கு அப்போதே அரைகுறையாகத் தெரியும். மனைவிக்கு முழுசாகத் தெரியும்.

2008 பிப்ரவரி 19 அன்று தோஷிபா ஹெச்.டி. டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்தது. போர் முடிந்தது. செய்தியை மனைவிதான் எனக்கு வாசித்துக் காட்டினாள், ஒரு மாதிரியான குரலில். அடுத்த மாடல் வந்து ஹெச்வி-20 விலை இறங்கியிருந்தது. மே மாதம் அதை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, பொக்கிஷமாக வைத்திருந்த அகலக்கோண லென்ஸை எடுத்துப் பொருத்தினேன். பொருந்தவில்லை. அது 37 மில்லிமீட்டர், இது 43. கூடம் அப்படியே சின்னதாகத்தான் இருந்தது.

அடுத்தது பரிசோதனை. சோதித்துப் பார்க்காத கேமராவைக் குழந்தையின் முன் நீட்ட என் மனசாட்சி இடம்தரவில்லை. முக்காலியில் நிறுத்தி, சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்தேன். ராகுகாலம், எமகண்டம் என்ற பொடி எழுத்துகள்தான் கூர்மையைச் சோதிக்கத் தோதானவை. பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, குழல்விளக்கில் ஒரு தடவை, பூஜை விளக்கு மட்டும் எரியும்போது ஒரு தடவை. எதிரே இருந்த செங்கல் சுவரை லென்ஸின் எல்லா நிலையிலும் எடுத்தேன். புத்தக அலமாரியை இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக. ஒரு மணி நேரக் கேசட்டுக்குக் கணினியில் 11 ஜி.பி. இடம் வேண்டும், என் 80 ஜி.பி. வட்டில் அலுவலகச் சமாச்சாரம் போக மிச்சமிருந்த இடத்தையெல்லாம் நாட்காட்டி பிடித்துக்கொண்டது. மகள் அவ்வப்போது சட்டகத்துக்குள் வந்து நின்றாள். "பாப்பா, நகரு, அப்பா சோதனை பண்றேன்" என்று என் குரல் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

அவளது மூன்றாவது பிறந்தநாள்தான் அரங்கேற்றம். ஹெச்வி-20இல் சினிமாபோல வினாடிக்கு 24 படம் எடுக்கும் வசதி இருந்தது. மூன்றாண்டு படித்தவன் சாதாரண முறையில் எடுக்கலாமா? 24இல் வைத்தேன். தானாகக் குவியும் வசதி நன்றாகவே வேலை செய்தது. அதை அணைத்துவிட்டு என் விரலால் குவித்தேன். சின்னத் திரையில் எல்லாம் கூர்மையாகத் தெரிந்தது. அகன்ற திரை வாங்கிப் போட்டுப் பார்த்தபோது, அவளுக்குப் பின்னால் கட்டியிருந்த பலூன்களில் காற்றடைக்கும் முடிச்சுகூடத் துல்லியம். மெழுகுவர்த்தியை ஊதும் முகம் பஞ்சுப் பொதியாக இருந்தது. கேக் ஊட்டும் கட்டம் வரவேயில்லை. பதிவாகிறது என்று நினைத்தபோது நின்றிருக்கிறது. நிறுத்திவிட்டேன் என்று தோளில் தொங்கவிட்டபோது ஓடியிருக்கிறது. ஆகவே நம் கூடத்துக் கம்பளமும், புடவைக் கரைகளும், சாக்ஸ் போட்ட கால்களும் 1080 கோடுகளில் பத்து நிமிஷத்துக்குக் கிடைக்கின்றன. அதன்மேல் ஸ்டீரியோவில் மனைவியின் குரல், தன் தோழியிடம்: "மூணு வருஷம் கழிச்சு வாங்கினாரு. இப்ப யாரையும் கிட்ட விடமாட்டேங்கறாரு." நான் எடுத்ததிலேயே உயிரோட்டமான பகுதி அதுதான்.

2010இல் ஐஃபோன் 4 வந்தது. 720 கோடு ஹெச்.டி. அதிலேயே எடுக்கலாம். மனைவி ஒன்று வாங்கினாள்; யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. வீட்டு வரலாறு அன்றிலிருந்து அவள் பொறுப்பு.

கேசட்டுகள் மட்டும் ஒரு பெட்டியில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற ஃபயர்வயர் என்ற இணைப்பு வேண்டும். புதுக் கணினிகளில் அது போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்பா எடுத்த குப்பை லாரியும் இலை ஊதுகிறவர்களும் எந்தக் கணினியில் தட்டினாலும் ஓடுகின்றன, குழந்தை படுத்தவாக்கில் ஆடுவது உட்பட. எந்த அடாப்டர், எதற்கு எது தேவை, எந்தப் பழைய மடிக்கணினியைப் பிடிப்பது என்று நான் ஓர் எக்ஸெல் தாள் தொடங்கியதைப் பார்த்த மனைவி, போன மாதம் பெட்டியை அப்படியே காரில் ஏற்றி, ஓக் ட்ரீ ரோட்டில் கேசட் மாற்றிக் கொடுக்கும் கடையொன்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அரைப்படங்களை அப்படியே வைப்பீர்களா, சேர்த்துவிடுவீர்களா என்று கடைக்காரரிடம் ஆரம்பித்தேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு படிவத்தை நீட்டினார். ஒவ்வொரு கேசட்டிலும் என்ன இருக்கிறது என்று குறிக்க வேண்டும். திருமணம், பிறந்தநாள், பயணம், பள்ளி விழா, மற்றவை என்று கட்டங்கள் இருந்தன. பிறந்தநாளுக்கு ஒரு டிக் போட்டேன். பாக்கி எல்லாவற்றுக்கும் 'மற்றவை'.

"மற்றவைன்னா என்னன்னு எழுதணுமாம்," என்றாள் மனைவி, பக்கத்தில் இருந்த கோட்டைக் காட்டி.

நாட்காட்டி என்று எழுதினேன்.